பிறர் ஆடப் பார்த்தல்

வீடியோ விளையாட்டுகளை இயற்றும் தொழிலை வகுப்பில் உட்கார்ந்துதான் கற்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாகாதா என்று, தங்கள் மக்களை இத்துறையில் சேர்க்க எண்ணி என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பலர் வினவுவதுண்டு. நியாயமான கேள்வியே. இத்தொழிலுக்கு வேண்டிய கருவிகளுள் பெரும்பாலானவை இன்று எவருக்கும் எட்டும் நிலையில் இருக்கின்றன. அர்ஜென்டினா நாட்டார் இருவர் தொடங்கிவைத்து, 2014-ஆம் ஆண்டில் மூல நிரலோடு உலகுக்கே பொதுவாக்கிவிட்ட கோடோ என்னும் எஞ்சினை ஒரு காசும் செலவின்றி இறக்கிக்கொள்ளலாம். யூனிட்டி, அன்ரியல் ஆகிய பெரிய எஞ்சின்களையும் கற்போர் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அவற்றைக் கையாளும் முறையைப் படிப்படியாகக் காட்டும் வீடியோப் பாடங்களோ எண்ணில. இவ்வளவு இருந்தும், நான் வகுப்பில் கற்றவன் என்பதையும், அங்கே கற்றவற்றுள் தலையாயதைத் தனித்திருந்து ஒருநாளும் கற்றிருக்க முடியாது என்பதையும் அவர்களிடம் சொல்லி வருகிறேன். காரணங்களை விரித்துரைக்க அப்போது அவகாசம் வாய்ப்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த வகுப்பு கோடம்பாக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மாலை வேளைகளில் நடைபெற்றது. சினிமாத் தொழிலை அண்டி வளர்ந்த அந்த வட்டாரத்தில் அனிமேஷன், படத்தொகுப்பு, கிராபிக்ஸ் முதலியவற்றைக் கற்பிக்கும் நிலையங்கள் முன்னரே பல உண்டு; அவற்றினிடையே கேம் டிசைன் என்ற பலகையோடு இதுவும் ஒன்றாக இருந்தது. எஞ்சினியரிங் பட்டம் பெற்றும் கிடைத்த வேலையில் மனம் ஒட்டாதவர்கள், விஷுவல் கம்யூனிகேஷன் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், சினிமாவுக்குப் பின்னணித் திரை தீட்டும் குடும்பத்தில் பிறந்து, அத்தொழில் அருகிப்போனதனால் கம்ப்யூட்டரில் வரையப் பழகிக்கொண்ட ஓர் ஓவியர், பகலெல்லாம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு மாலையில் ஓடிவரும் நடுவயதினர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே கூடியிருந்தோம். ஆசிரியர், பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் பணியாற்றியபின், கற்பிப்பதில் கொண்ட ஆசையினால் சென்னைக்குத் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அளந்து பேசுவார்.

முதல் சில வாரங்கள் கம்ப்யூட்டரை அவர் திறக்கவே விடவில்லை. காகிதம், பென்சில், பகடை, சோழி, புளியங்கொட்டை ஆகியவையே எங்கள் சாதனங்களாக இருந்தன. யுத்தக் காட்சிகளையும் முப்பரிமாண நகரங்களையும் உடனே படைத்துவிடலாம் என்னும் உற்சாகத்தோடு வந்தவர்களுக்கு இது பெருத்த ஏமாற்றமாயிற்று; சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டனர். ஆசிரியர் அதற்காகத் தம் கிரமத்தை மாற்றிக்கொள்ளவில்லை. விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது என்பதும், விதி பழுதானால் எந்தச் சித்திரமும் எந்தச் சங்கீதமும் அதைக் காப்பாற்றாது என்பதும், விதியை மாற்றிப் பரீட்சித்துப் பார்ப்பதற்குக் காகிதத்தைவிட விரைவான சாதனம் இன்னும் உண்டாகவில்லை என்பதும் அவருடைய உறுதியான கொள்கைகள். நிரலாக எழுதினால் ஒரு வாரம் எடுக்கும் மாறுதலைக் காகிதத்தில் ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம். பயனற்றதென்று தெரிந்தால் கிழித்துப் போடுவதிலும் வருத்தமிராது.

அந்த நாட்களில் அவர் இட்ட அப்பியாசம் ஒன்றை நான் இன்றும் என் மாணாக்கர்களுக்கு இட்டு வருகிறேன். அவரவர் இளமையில் ஆடிய ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் விதிகளுள் ஒன்றே ஒன்றை மாற்றி, பக்கத்திலிருப்பவரோடு ஆடிப் பார்த்து, என்ன நேர்ந்தது என்று எழுதிக்கொண்டுவர வேண்டும். ஒருவர் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டார், ஒருவர் தாயத்தை, அந்தப் பெண் பரமபதத்தை. நான் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துத் தரையில் செதுக்கியிருந்த ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதில் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23; புலிகள் 3; ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகள் புலியை நகரவொட்டாமல் சூழ்ந்து அடைக்கும். இரு கட்சிக்கும் எண்ணிக்கையிலும் வலிமையிலும் நோக்கத்திலும் ஒற்றுமை சிறிதும் இல்லாதிருக்க, இரண்டும் சமமாக நின்று போராடும்படி அமைந்திருப்பது அந்த ஆட்டத்தின் விசேஷம். இத்தகைய சமநிலையை அடைவதற்காக இன்றைய ஸ்டூடியோக்களில் எத்தனையோ பேர் அட்டவணைகளோடு மாதக்கணக்கில் மல்லாடுகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அதன் அருமை நன்கு விளங்கும்.

ஆடுகள் அனைத்தும் களத்தில் இறங்கி முடியும்வரை, இறங்கிய ஆடு எதுவும் தன் இடத்தைவிட்டு நகரலாகாது என்பது நாங்கள் ஆடிவந்த முறை. நான் மாற்றிய விதி இதுதான்: எந்நேரமும், விரும்பினால் புதிய ஆட்டை இறக்கலாம், அல்லது இறங்கிய ஆட்டை நகர்த்தலாம் என்று வைத்தேன். வங்கி நண்பர் ஆட்டுக் கட்சி. நான் புலிக் கட்சி. அவர் சில ஆடுகளை, பின்னால் குதித்து இறங்க இடமில்லாத ஓரங்களில் வைத்தார். வைத்தபின் புதிய ஆடு எதையும் இறக்கவில்லை. புலி அணுகினால் ஓர் ஆட்டைப் பின்னே நகர்த்துவார். புலி விலகினால் அதையே முன்னே நகர்த்துவார். அவரிடம் விஷமம் ஒன்றுமில்லை. தம் ஆடுகளைப் பத்திரமாகக் காக்கிறார், அவ்வளவே. வெற்றியும் இன்றித் தோல்வியும் இன்றி ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆட்டை ஆபத்தினுள் இறக்கியே தீர வேண்டும் என்னும் நிர்ப்பந்தம், வெளிப்பார்வைக்கு ஆட்டுக் கட்சியைக் கட்டும் தளையாகத் தோன்றினாலும், உண்மையில் அந்த ஆட்டத்தை முன்னே செலுத்தும் சக்தியே அதுதான் என்பது அப்போது பிரத்தியட்சமாயிற்று. ஆசிரியர் என் குறிப்பைப் படித்துவிட்டு, “இந்த விதியை முதலில் வைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, ஆனால், எதிரே உட்கார்ந்து இதே தந்திரத்தைச் செய்து காட்டிய ஒருவர் அவருக்கு இருந்திருக்க வேண்டும்” என்றார். நான் தனியே உட்கார்ந்து இரு கட்சிக்கும் நானே ஆடியிருந்தால் அந்தத் தந்திரம் வெளிப்பட்டிராது. ஆட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்ற ஆசையினால் நானே ஆடுகளை இறக்கிக்கொண்டு போயிருப்பேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அவர் எங்களுக்குச் சிறிது சித்தாந்தம் போதித்தார். ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஜூபெக் ஆகிய மூவர் 2004-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையை இத்துறையினர் பெரும்பாலும் அறிவர். அதுவும் சான் ஹோசே நகரத்தில் கூடிய, விளையாட்டு இயற்றுவோர் மாநாட்டில் ஆண்டுதோறும் நடத்திய பயிற்சி வகுப்புகளிலிருந்து பிறந்ததேயாகும். அக்கட்டுரையின்படி, விதிகள் ஒரு படி. அவ்விதிகள் ஆடும்போது கொள்ளும் இயக்கம் இரண்டாம் படி. அவ்வியக்கத்தால் ஆடுபவர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி மூன்றாம் படி. இயற்றுபவர் முதற் படியில் நின்று மூன்றாவதை நோக்குகிறார். ஆடுபவரோ மூன்றாவதை முதலில் அடைந்து, முதலாவதைச் சிறிது சிறிதாகவே உணர்கிறார். ஒருவர் நிற்கும் இடம் மற்றவருக்குத் தெரிவதில்லை என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கம்ப்யூட்டரைத் தொட்ட பின்னர் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை, அட்டாரி கம்பெனியார் 1972-இல் வெளியிட்ட பாங் என்னும் ஆட்டத்தைத் திரும்பச் செய்வது. அதைத் தேர்ந்ததற்கு ஆசிரியர் கூறிய காரணம் எனக்கு மிகவும் உவப்பாக இருந்தது. அந்த ஆட்டமே ஓர் அப்பியாசமாகப் பிறந்தது. கம்பெனியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நோலன் புஷ்னெல், புதிதாக வேலையில் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்னும் இளம் எஞ்சினியருக்குக் கைப்பழக்கம் உண்டாகட்டும் என்றெண்ணி, ஒரு பந்து, இரண்டு மட்டை, புள்ளிக் கணக்கு ஆகியவை மட்டுமே கொண்ட ஓர் ஆட்டத்தை அமைக்கச் சொன்னார். அல்கார்ன் அதோடு நிற்கவில்லை. பௌதிக விதிப்படி பந்து பட்ட கோணத்திலேயே திரும்புமானால் ஆடுபவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, நடுவில் பட்டால் நேராகவும், ஓரத்தில் படப்படச் சாய்வாகவும் பந்து திரும்பும்படி செய்தார். பந்து விடாமல் போய்வரும்போது வேகம் கூடும்படியும் வைத்தார். மட்டை திரையின் மேல் விளிம்புவரை எட்டாமற்போன ஒரு மின்சுற்றுக் குறையையும், அதனால் ஆட்டம் ஒரு முடிவுக்கு வரும் என்று கண்டு, அப்படியே விட்டுவைத்தார். செய்து முடித்த யந்திரத்தைக் கலிபோர்னியாவில் சன்னிவேல் ஊரிலிருந்த ஆண்டி காப்ஸ் டாவர்ன் என்ற மதுக்கடையில் வைத்தார்கள். யந்திரம் வேலை செய்யவில்லை என்று சில நாளில் செய்தி வர, அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தபோது, காசு நிறைந்து வழிந்ததே கோளாறு என்று தெரிந்தது. அந்தக் கதையை எங்கள் ஆசிரியர் சொன்னது காசுக்காக அன்று. முன்பின் அறியாத மனிதர்கள் புழங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அதற்காக.

நிரல் எழுதும் பகுதியை விரைந்து கடக்கலாம். அதற்குரிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடலாகாது. திரையில் ஓடும் எந்த ஆட்டமும், கையசைவை வாங்கிக்கொள்வது, உலகத்தின் நிலையைக் கணக்கிடுவது, சித்திரத்தை வரைவது என்னும் மூன்று காரியங்களையும் ஓயாமல் சுழற்சியாகச் செய்துகொண்டிருக்கிறது. வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 சித்திரம், என்றால், ஒவ்வொரு சுழற்சிக்கும் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடிதான். பந்து ஒரு பிரேமுக்கு இவ்வளவு நகர வேண்டும் என்று எழுதினால், வேகமான கம்ப்யூட்டரில் பறக்கும். பழைய கம்ப்யூட்டரில் ஊரும். சென்ற பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் இடையே கழிந்த காலத்தால் வேகத்தைப் பெருக்கி எழுதினால்தான் எல்லா யந்திரத்திலும் ஒரே நடையாக இருக்கும். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. எங்கள் வகுப்பிலோ, ஓவியரின் பழைய லேப்டாப்பும், எஞ்சினியர் ஒருவரின் புத்தம் புதிய யந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தமையால், ஒரே நிரல் இரண்டு ஆட்டமாக ஓடுவதைக் கண்ணாலேயே கண்டோம்.

குதித்தலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். ஒரு பாத்திரம் தரையிலிருந்து எழும்பி மேடையின்மேல் இறங்குவது அற்பமான காரியமாகத் தோன்றலாம். எனினும் அந்த ஒரு செயலிலே இத்தொழிலின் நுட்பம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரத்தில் என்று முதலில் சங்கற்பித்துக்கொள்ள வேண்டும். உயரத்தின் இரு மடங்கை, உச்சியை அடையும் நேரத்தால் வகுத்தால் புறப்படும் வேகம். அதையே மீண்டும் அந்நேரத்தால் வகுத்தால் புவியீர்ப்பு. 4 மீட்டர் உயரத்தை 0.4 வினாடியில் அடைய வேண்டுமென்றால், புறப்படும் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், ஈர்ப்பு 50. நாம் வாழும் பூமியின் ஈர்ப்போ 9.8. அதாவது, விரலுக்கு இனிதாகத் தோன்றும் ஒரு குதிப்பு, பூமியைப் போல் ஐந்து மடங்கு ஈர்ப்புடைய ஓர் உலகத்தில்தான் நிகழக்கூடும். இயற்கையின் ஈர்ப்பையே வைத்துச் செய்தால் பாத்திரம் நிலவில் மிதப்பதுபோல் மெதுவாக மிதக்கும்.

இதுவும் போதாது. ஏறும்போது உள்ள ஈர்ப்பைவிட இறங்கும்போது அதிகமாக வைத்தால் குதிப்புக்கு ஓர் உறுதி உண்டாகிறது. பொத்தானைச் சீக்கிரம் விட்டால் எழுச்சி அங்கேயே குறையும்படி வைத்தால், சிறு குதிப்பும் பெருங்குதிப்பும் ஆடுபவர் வசமாகின்றன. மேடையின் விளிம்பைக் கால் கடந்துவிட்ட பிறகும் ஏறக்குறைய 0.1 வினாடிவரை குதிப்பை அனுமதிப்பது மற்றொரு தயை. பாறை விளிம்பைத் தாண்டியும் சில க்ஷணம் அந்தரத்தில் ஓடும் கயோட்டி என்னும் கார்ட்டூன் விலங்கின் பெயரால் இதைக் கயோட்டி டைம் என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் குதிக்கச் செய்வது இன்னொன்று. இவற்றுள் எதையும் ஆடுபவர் அறியார், அறியவும் கூடாது. தாம் மிகச் சரியாகக் குதித்ததாகவே அவர் எண்ணுவார். இந்த அளவுகள் எவை என்பதைச் சூத்திரம் சொல்லாது. என் விரல் என் ஆட்டத்துக்கு முன்பே பழகிவிட்டது. அதனிடம் கேட்டால் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று சொல்லும். சட்டையை உடுப்பவர் உடம்பிலே போட்டுப் பார்த்துத் தையற்காரர் பிடிப்பும் தளர்வும் செய்வதுபோல, பிறர் கையில் கொடுத்துத்தான் 0.1 என்பதை 0.08 ஆக்கவோ 0.12 ஆக்கவோ நாங்கள் கற்றோம்.

அடுத்து, ஆட்டத்தை ஆடத் தெரியாதவருக்கு எப்படிக் கற்பிப்பது என்னும் பிரச்சினை. எங்களுள் அநேகர், திரை நிறைய உபதேச வாக்கியங்களை எழுதிவைத்தோம். ஆசிரியர் அவற்றையெல்லாம் நீக்கச் சொல்லிவிட்டு, நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் வடிவமைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தின் முதற் பகுதியை எங்களை ஆடச் செய்தார். 1985-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் மாரியோ திரையின் இடப்புறத்தில், வலப்புறம் நோக்கி நிற்கிறான், எதிரே வெற்றிடம், எத்திசையில் போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிறிது தூரத்தில் சினந்த முகத்தோடு ஒரு ஜந்து வருகிறது. முதன்முறை ஆடுபவர் அதன்மேல் மோதி உயிரிழந்தாலும், இழந்தது சில வினாடி ஆட்டமே. பின்னர் இரண்டு படிக்கட்டுகளுக்கு இடையே ஒரு பள்ளம். அதன் அடியில் தரை இருக்கிறது, விழுந்தால் ஏறி வரலாம். அதைப் பழகியவுடனே அதே வடிவில் இன்னொரு பள்ளம் வருகிறது. இம்முறை அடியில் தரை இல்லை. ஒரு சொல்லும் எழுதாமல் அபாயமற்ற இடத்தில் கற்பித்து, அபாயமுள்ள இடத்தில் பரீட்சை வைக்கும் இந்த முறையைக்காட்டிலும் சிறந்த போதனா முறையை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.

வகுப்பின் மையமாக இருந்தவை வெள்ளிக்கிழமை மாலைகள். அன்று ஒவ்வொருவரும் தாம் செய்துகொண்டிருக்கும் ஆட்டத்தை, அது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், மேஜைமேல் திறந்து வைத்துவிட வேண்டும். வேறொருவர் வந்து ஆடுவார். செய்தவர் ஆடுபவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. “அங்கே இல்லை, மேலே போங்கள்” என்று சொல்லக் கூடாது. விரலால் சுட்டவும் கூடாது. பெருமூச்சு விடுவதையும் ஆசிரியர் கண்டிப்பார். அந்த மௌனம் எவ்வளவு கடினமானது என்பதை அனுபவித்தவரே அறிவர். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கதவு திறந்தே இருக்கிறது. ஆடுபவரோ அதைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார். சொல்லிவிட்டால் அரை வினாடியில் முடிந்துவிடும். ஆனால், ஆட்டம் வெளியே போனபின் ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று சொல்ல நம்மால் ஆகாது என்பதனால், அவர் தவிக்கும் அந்த நேரமே நமக்குப் பாடம். ஆடி முடித்தவரிடம் “பிடித்திருந்ததா?” என்று கேட்பதையும் ஆசிரியர் தடுத்தார், முகத்துக்கு நேரே எவரும் நல்லதுதான் சொல்வார்கள். “அந்தக் கதவை என்னவென்று நினைத்தீர்கள்? அப்போது என்ன செய்ய எண்ணினீர்கள்?” என்று கேட்கச் சொல்வார். உயிரிழந்த இடங்களை எல்லாம், அச்சிட்ட வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளியிடுவோம். பல பேர் ஆடியபின் பார்த்தால், நாங்கள் கடினம் என்று எண்ணிய இடம் வெறுமையாகவும், கவனியாது விட்ட ஒரு மூலை சிவந்தும் இருக்கும்.

வகுப்பினர் ஒருவருக்கொருவர் பழகிப்போய்விட்டால் அவர்கள் கண்ணும் பழகிவிடும் என்று, அவர் வெளியாரையும் அழைத்து வருவார். டீ கொண்டுவரும் பையன், எங்களோடு படித்த பெண்ணின் தம்பி, கீழ்த்தளத்துக் காவற்காரப் பெரியவர் ஆகியோர் எங்களுக்கு ஆசான்களாக வாய்த்தார்கள். ஓவியர் செய்த ஆட்டம் ஒன்றில், பொறுக்கிச் சேர்க்க வேண்டிய பொருள்களைச் சிவப்பு மாணிக்கங்களாக மிக அழகாகத் தீட்டியிருந்தார். காவற்காரப் பெரியவர் ஒன்றையும் பொறுக்கவில்லை. அவற்றை ஒதுக்கி ஒதுக்கிப் பாத்திரத்தை வெகு ஜாக்கிரதையாக நடத்திக்கொண்டு போனார். முடிவில் கேட்டதற்கு, “சிவப்பாச்சே தம்பி, தொட்டா செத்துப்போயிடும்னு நெனச்சேன்” என்றார். போக்குவரத்து விளக்கிலும் எச்சரிக்கைப் பலகையிலும் வாழ்நாளெல்லாம் அவர் கண்ட சிவப்பு அது. ஓவியர் எழுந்து அவரை வணங்கிவிட்டு, அன்றிரவே அவற்றைப் பொன்னிறமாக்கிவிட்டார்.

அதே பெரியவருக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியாது என்பதனால் மற்றொன்றும் வெளிப்பட்டது. ஆட்டத்தில் இருந்த சில சொற்களைத் தமிழில் வைக்க முயன்றோம். அக்காலத்தில் நாங்கள் பயன்படுத்திய எஞ்சினில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேரவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஓவியர் சொற்களையே சித்திரங்களாக எழுதித் தந்தார். 2023-இல் வெளிவந்த கோடோவின் நான்காம் பதிப்பில் இத்தகைய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. தமிழில் ஆட்டம் இயற்ற விரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வகுப்பில் செய்யும் சிறு ஆட்டங்கள் வகுப்போடு முடிந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்ட் நகரில் உள்ள டிஜிபென் கல்லூரியில் மாணாக்கர் சிலர், ஒரு வாசலில் புகுந்து மற்றொரு வாசலில் வெளிப்படும் யுக்தியை வைத்து நார்பாகுலர் டிராப் என்னும் ஆட்டத்தை இயற்றி 2005-இல் வெளியிட்டனர். கல்லூரியில் அதைக் கண்ட வால்வ் கம்பெனியார் அக்குழுவினரை வேலைக்கு அமர்த்திக்கொள்ள, அந்த யுக்தியே 2007-இல் போர்ட்டல் என்னும் புகழ்பெற்ற ஆட்டமாக வளர்ந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெனோவா சென் முதலிய மாணாக்கர் செய்த கிளவுட் என்னும் ஆட்டமும் இத்தகையதே. வானில் மேகங்களைச் சேர்த்துத் திரியும் அந்தச் சாந்தமான அனுபவத்தின் தொடர்ச்சியைப் பின்னாளில் அவர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஜர்னியில் காணலாம். பெரிய கம்பெனிகள் துணிந்து செய்யாத ஒன்றை, நஷ்டம் என்ற பயம் இல்லாத வகுப்பறை துணிந்து செய்கிறது.

படிப்பு முடிந்ததும் நான் செல்போன் ஆட்டங்கள் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அங்கே கையாண்ட எஞ்சின் வேறு. நிரல் மொழி வேறு. வகுப்பில் பழகிய மென்பொருளின் பொத்தான்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் வீணாயிற்று. வெள்ளிக்கிழமை மாலைகளில் பழகிய மௌனம் மட்டும் ஒருநாளும் வீணாகவில்லை. இப்பொழுது சனிக்கிழமைகளில் நானும் சிலருக்குக் கற்பித்து வருகிறேன். என் வகுப்பிலும் முதலில் சோழியும் காகிதமும்தான்.

இத்தகைய வகுப்பில் சேர விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. எந்தெந்த மென்பொருள் கற்பிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை பிறர் வந்து எங்கள் ஆட்டத்தை ஆடுவார்கள் என்று கேளுங்கள். வகுப்பு நடத்துவோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: மாதம் ஒரு மாலையேனும் உங்கள் கதவைத் தெருவுக்குத் திறந்துவிடுங்கள், பூ விற்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளே வந்து உட்கார்ந்து ஆடட்டும், உங்கள் மாணாக்கர்கள் அவர்களுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும்.